லாயம் இல்லாத அஞ்சல் சாலை

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மேரிஸ்வில் என்றொரு சிற்றூர். அங்கே 1859-இல் கல்லால் கட்டிய ஒரு குதிரை லாயத்தை இன்றும் அருங்காட்சியகமாகப் பேணி வருகிறார்கள். பக்கத்து மாநிலமான மிசூரியின் செயின்ட் ஜோசப் நகரிலும் ஒரு லாயம் அதே காரணத்துக்காக அருங்காட்சியகமாகியிருக்கிறது. இரண்டும் 'போனி எக்ஸ்பிரஸ்' என்ற தனியார் அஞ்சல் சேவையின் குதிரைகள் நின்ற இடங்கள். செயின்ட் ஜோசப்பில் கிளம்பும் கடிதப்பை, வழியில் குதிரையும் ஆளும் மாறி மாறி, ஏறக்குறைய 1,900 மைலைப் பத்து நாளில் தாண்டிக் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவைச் சேரும். 1860 ஏப்ரலில் தொடங்கிய சேவை, கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி போட்டு முடித்ததும் 1861 அக்டோபரில் நின்றுபோனது. ஓடியது ஒன்றரை ஆண்டு. நடத்தியவர்களுக்கு மிஞ்சியது நட்டம். சென்னைக் கோட்டையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் வழியாக ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் போன சாலையில் தபால்பை அதைப்போலப் பல மடங்கு காலம் ஓடியிருக்கிறது. அந்தச் சாலையில் அஞ்சலுக்கென்று இருந்த லாயம் என்று காட்ட ஒரு சுவர்கூடக் கிடையாது.

இதற்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கும்: நமக்குப் பழையதைப் பேணத் தெரியாது. பல விஷயங்களில் அது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பழி பொருந்தாது. காஞ்சிச் சாலையில் அஞ்சல் லாயம் இடிந்துபோய் மறையவில்லை. அது கட்டப்படவே இல்லை. இந்த நாட்டில் கடிதம் ஓடியது மனிதக் காலில். அந்தக் காலுக்குத் தீனித் தொட்டி வேண்டாம், லாடம் வேண்டாம், கூரையும் அவ்வளவாக வேண்டாம். அந்தந்த ஊரில் வேறு காரணத்துக்காக யாரோ கட்டிவைத்த திண்ணையும் குளமும் சுமைதாங்கியும் போதும். ஆகவே லாயம் இல்லாததை ஒரு குறையாகப் பார்ப்பதைவிட ஒரு சான்றாகப் பார்ப்பதுதான் சரி. இங்கே அஞ்சல் எப்படி நடந்தது, யார் தோளில் நடந்தது, யார் செலவில் நடந்தது என்பதையெல்லாம் அந்த இன்மையிலிருந்தே படித்துவிடலாம்.

முதலில் குதிரையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்குக் குதிரை எப்போதுமே விருந்தாளி. பட்டினப்பாலை காலத்திலேயே அது கப்பலில் வந்து இறங்கும் சரக்கு. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். குதிரை வணிகம் தனித் தொழிலாக, செல்வர் தொழிலாக இருந்ததற்கு அந்தப் பெயரே போதும். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் கருவூலத்துப் பணத்தைக் கொடுத்து அமைச்சரைத் துறைமுகத்துக்கு அனுப்புவதும் குதிரை வாங்கத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போகின்றன என்கிறார். அவற்றைக் கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லை, தீனியும் சரியில்லை என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம். ஆனால் ஈரக் காற்றும் வெக்கையும் புல் குறைவும் சேர்ந்த இந்த மண்ணில் குதிரை பெருகவில்லை என்பதில் ஐயமில்லை. பெருகியிருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் அரபுக் கடலைத் தாண்டி வாங்கியிருக்க மாட்டார்கள். காஞ்சிபுரத்தில் குதிரைகளை நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும். விஜயநகரக் காலத்து அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கல்குதிரைகள். மேலே வீரன், கடிவாள வாரின் மடிப்பு முதல் சேணத்தின் விளிம்பு வரை உளியில் எடுத்திருக்கிறார்கள். சிற்பிக்குக் குதிரை நன்றாகவே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? படையிலும் பவனியிலும் பார்த்துத் தெரிந்தது. ராஜ வாகனமாகவும் சாமி வாகனமாகவும் ஊருக்குள் வந்த குதிரை, மூட்டை தூக்குகிற, கடிதம் கொண்டுபோகிற அன்றாடப் பிராணியாக இங்கே இறங்கி வரவில்லை.

ஆற்காட்டு நவாபின் குதிரைப்படை காஞ்சிக்கு ஒரு நாள் பயணத்தில்தானே இருந்தது, குதிரைக்கா பஞ்சம் என்று கேட்கலாம். படைக்குக் குதிரை இருப்பது வேறு, தபாலுக்குக் குதிரை கட்டுப்படியாவது வேறு. சென்னையில் வெள்ளைக்காரர் குதிரை வளர்த்த வழக்கத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரன். அதற்குப் புல் செதுக்கிக் கொண்டுவர இன்னோர் ஆள், பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவி. கொள்ளு, லாடம், சேணம், கொட்டகை தனி. ஆக, ஒரு குதிரையை நிற்க வைக்கவே இரண்டு பேருக்குக் கூலி தர வேண்டும். அந்த இரண்டு பேரையுமே ஓடச் சொன்னால் குதிரையின் விலையும் தீனியும் மிச்சம். ஈவிரக்கமில்லாத கணக்குதான். ஆனால் காஞ்சிச் சாலையின் வரலாற்றை எழுதியது இந்தக் கணக்கே.

சரி, மிச்சம் பிடித்தார்கள், வேகத்தை இழந்தார்களா? இழக்கவில்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் ஆட்சியில் வாழ்ந்து, பிறகு மதுரை சுல்தானின் அவைக்கும் வந்துபோன இபின் பதூதா, தில்லி சுல்தானின் அஞ்சலில் இரண்டு வகை இருந்ததாகக் குறித்திருக்கிறார். ஒன்று குதிரை அஞ்சல், நான்கு மைலுக்கு ஒரு நிலை. மற்றொன்று கால் அஞ்சல், ஒரு மைலுக்குள்ளேயே மூன்று நிலை. ஓடுபவன் ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் மணிகள் கோத்த கோலையும் பிடித்துக்கொண்டு கிளம்புவான். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவன் எழுந்து இடுப்பை இறுக்கி நிற்பான். கால் அஞ்சல் குதிரை அஞ்சலைவிட வேகமானது என்று இபின் பதூதா தெளிவாகச் சொல்கிறார். குராசான் பழங்களும் சுல்தானுக்குக் குடிக்கக் கங்கை நீரும் அதில்தான் போயின. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நீண்ட தூரம் ஓடினால் மனிதன் குதிரையிடம் தோற்பான். அந்தத் தூரத்தைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் களைப்பில்லாத ஓர் ஆளை நிறுத்தினால், பை நிற்பதே இல்லை. சேணம் மாற்றவும் தண்ணீர் காட்டவும் ஆகும் நேரமும் இல்லை.

அஞ்சலின் உயிர் ஓட்டத்தில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது. இது நம் சொற்களிலேயே பதிந்து கிடக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயத்துக்கு 'அஞ்சல் ஓட்டம்' என்று பெயர். ஒரு வானொலி நிலையம் இன்னொன்றின் நிகழ்ச்சியை வாங்கித் தன் நேயர்களுக்குத் தருவதை 'அஞ்சல் செய்வது' என்கிறோம். கன்னடத்தில் அது 'அஞ்சே'. மைசூரின் சிக்கதேவராய உடையார் பதினேழாம் நூற்றாண்டில் நிறுவிய அஞ்சே, கடிதம் சுமப்பதோடு நாட்டு நடப்பை அரண்மனைக்கு உளவு சொல்லவும் பயன்பட்டது. 1889-இல்தான் அது பிரிட்டிஷ் இந்திய அஞ்சலோடு சேர்ந்தது. திருவிதாங்கூரின் அஞ்சல் 1951 வரை தனியாக நடந்தது. நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்தவையாதலால், மணிக்கோல் பிடித்த அஞ்சலோட்டக்காரன் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் ஓடியவனே. வடக்கத்திய 'டாக்' என்ற சொல்லுக்கும் ஆள் மாற்றி ஆள் போவது என்பதே அடிப்படைப் பொருள். 'தபால்' எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு வரைக்கும் போய் வேர் தேடியவர் உண்டு. மராத்தியில் பயணத்தின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் 'டப்பா'வோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எந்தச் சொல்லைத் தட்டினாலும் வருவது ஆள் மாறும் ஓசைதான். குளம்போசை எதிலும் இல்லை.

காஞ்சிபுரம் இந்த ஓட்டத்தின் அருமையை மிகக் கசப்பாக உணர்ந்தது 1780 செப்டம்பரில். மைசூரின் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கிவிட்டிருந்தார். சர் ஹெக்டர் மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரும்படையோடு காஞ்சியில் முகாமிட்டிருந்தார். வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை, வெள்ளம் புரண்ட கொசஸ்தலை ஆற்றங்கரையில் நாட்கணக்கில் சிக்கித் தாமதமானது. செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கத்துக்கு அருகே ஹைதரின் மகன் திப்புவின் படை பெய்லியைத் தாக்கியது. பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் தனியாக முன்னேற முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் செய்தி அனுப்பினார். பேரம்பாக்கத்துக்கும் காஞ்சிக்கும் இடையில் உள்ள தூரம் நல்ல ஓட்டக்காரன் ஒருவன் ஓர் இரவில் தாண்டிவிடக்கூடியது. அந்தச் சில காத வழிதான் அன்று இந்தியாவிலேயே நீளமான வழியாக இருந்தது. ஹைதரின் ஆட்கள் எங்கும் இருந்தார்கள். கம்பெனி நம்பியிருந்த வழிகாட்டிகளிலேயே சிலர் அவரிடம் கூலி வாங்கியவர்கள். மன்றோ முழுப் படையோடு நகராமல் கர்னல் பிளெட்சரின் கீழ் ஆயிரம் பேர் அளவில் ஒரு பிரிவை அனுப்பினார்; பிளெட்சர் வழிகாட்டிகள் மேல் ஐயங்கொண்டு வேறு பாதையில் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். 10-ஆம் தேதி புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். இந்தத் தோல்விக்கு ராணுவ வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். அஞ்சலின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் ஒன்றுதான். மைசூருக்கு நூறாண்டுப் பழக்கமுள்ள ஓர் அஞ்சே இருந்தது, செய்தி கொண்டுவருவதையும் செய்தியை மறிப்பதையும் ஒருசேரக் கற்றது. கம்பெனிக்கு இருந்ததோ அன்றன்றைக்குக் கிடைத்த ஆள்.

அதற்கு ஆறே ஆண்டில், 1786 ஜூன் 1 அன்று சென்னையில் பொது அஞ்சலகம் திறக்கப்பட்டது. கம்பெனிக் கடிதங்களை வங்காளத்துக்குக் கொண்டுபோக ஓட்டக்காரர்களை ஆளுநர் ஹாரிசன் 1712-லேயே அமர்த்தியிருந்தார். புதிய ஏற்பாட்டின் புதுமை, பொதுமக்களும் காசு கொடுத்துக் கடிதம் போடலாம் என்பது. வடக்கே கஞ்சம் வரை ஒன்று, தெற்கே அஞ்சுதெங்கு வரை ஒன்று, மேற்கே வேலூர் வரை ஒன்று என மூன்று பாதைகள் வகுத்தார்கள். மேற்குப் பாதைக்குக் காஞ்சிபுரத்து நாடுதான் நடு. சென்னையிலிருந்து காஞ்சி ஏறக்குறைய 45 மைல். ஆறேழு மைலுக்கு ஓர் ஆள் என்று வைத்தால் ஏழு பேர். சாயங்காலம் கோட்டையில் கட்டிய பை, மணிக்கு நாலரை மைல் வேகத்தில் பத்து மணி நேரம் ஓடி, காஞ்சியில் தறிச்சத்தம் தொடங்குவதற்கு முன் வந்துவிடலாம். ஒரு தோல் பையோ மெழுகுத் துணி மூட்டையோ, கழியின் நுனியில் சதங்கை, கழி முனையில் சில இடங்களில் ஈட்டி, இருட்டான பகுதிகளில் கூடவே ஒரு தீவட்டிக்காரன். இவ்வளவுதான் தளவாடம். இதில் எதை இறக்கி வைக்கக் கட்டடம் வேண்டும்?

ஆனால் ஆளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். பை எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. வெயிலிலும் மழையிலும் காத்திருக்க வேண்டும். கம்பெனி போட்டது பெரும்பாலும் ஓலைக் குடிசை. இரண்டு ஐப்பசி தாங்காது. நிலைத்து நின்றவை சத்திரங்களே. காஞ்சிச் சாலையின் ஊர்ப்பெயர்களை வாய்விட்டுச் சொன்னாலே இது புரிந்துவிடும்: ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம், காஞ்சியைத் தாண்டினால் பாலுசெட்டிசத்திரம். சத்திரம் முன்னே வந்தது, ஊர் அதைச் சுற்றிப் பின்னே வளர்ந்தது. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து மைசூருக்குக் கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாகத்தான் போனார். வழிநெடுகச் சத்திரங்களும் குளங்களும் இருந்தது அவர் கண்ணிலும் பட்டது. பல்லக்கில் போகும் துரைமார்களும் இதே முறையில்தான் பயணம் செய்தார்கள். முன்கூட்டியே எழுதிப்போட்டால் நிலைக்கு நிலை பல்லக்குத் தூக்கிகள் காத்திருப்பார்கள். பல்லக்கு இறங்குவது சத்திரத்து வாசலில். அந்த நாளில் ஒரு துரை என்பவர் கொஞ்சம் கனமான கடிதம், அவ்வளவே.

சத்திரத்தைவிடவும் நெருங்கிப் பார்க்க வேண்டியது சுமைதாங்கி. இரண்டு நெட்டுக் கற்கள், மேலே படுக்கையாக ஒரு கல். கர்ப்பத்திலோ பேற்றிலோ இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் சாலையோரம் நட்டது. சுமக்க முடியாமல் போனவளின் பெயரால் சுமப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். அதன் அளவில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது மார்பளவு உயரம். தரையில் இறக்கிய மூட்டையைத் திரும்பத் தலைக்கு ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். வெறிச்சோடிய சாலையில் அந்த ஆளுக்கு எங்கே போவது? மார்பளவுக் கல்லில் தள்ளி வைத்தால், இளைப்பாறிவிட்டு, முழங்காலைச் சற்று மடக்கித் தலையைக் கொடுத்துத் தானே ஏற்றிக்கொள்ளலாம். மேரிஸ்வில் லாயத்தின் கதவு சேணம் போட்ட குதிரைக்கு அளவெடுத்தது. சுமைதாங்கி சுமை ஏறிய மனிதனுக்கு அளவெடுத்தது. தபால் ஓட்டக்காரனின் பை இலகுவானது, அவன் அதை நம்பி ஓடியவன் அல்லன். ஆனால் எந்தச் சாலை மனிதனைப் பார வண்டியாக வைத்து அமைக்கப்பட்டதோ அந்தச் சாலையில்தான் அவனும் ஓடினான்.

சத்திரம் தருமத்துக்குக் கட்டியது, யாத்திரிகருக்குச் சோறு போடக் கட்டியது, அதைப் போய் அஞ்சல் நிலையம் என்பது அத்துமீறல் என்று ஒரு தடை எழும். எழ வேண்டியதும்தான். சத்திரம் கட்டிய செட்டியார் பாலாறு தாண்டி வரும் பக்தனை நினைத்துக் கட்டியிருப்பாரே தவிரக் கம்பெனியின் பையை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார். என் வாதம் கட்டியவரின் எண்ணத்தைப் பற்றியது அல்ல, கட்டடத்தின் பயனைப் பற்றியது. காஞ்சிக்குக் கருடசேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் வந்ததால் சாலையில் சத்திரம் இருந்தது. சத்திரம் இருந்ததால் சாலை இரவிலும் உயிரோடு இருந்தது. சாலை உயிரோடு இருந்ததால் கம்பெனி அதில் பெரிதாகக் காசு போடாமல் தபாலை ஓட்டியது. கோயில் நகரத்தின் பக்திச் செலவில் ஓர் அரசாங்கம் தன் அஞ்சல் செலவைக் குறைத்துக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சத்திரங்களின் உள்கட்டு எல்லோருக்கும் திறந்ததில்லை. பலவற்றில் சாதி பார்த்துத்தான் பந்தி. ஓட்டக்காரனின் சாதிக்கு எட்டியது திண்ணையாகவோ வாசல் மரத்தடியாகவோ இருந்திருக்கும். கடிதம் தீட்டுப்படாது, கொண்டுவந்தவன் படுவான் என்பது அன்றைய நியாயம்.

குதிரை அஞ்சல் தெற்கே இருக்கவே இல்லையா என்பது அடுத்த தடை. இருந்தது. இலங்கையில் 1832-இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய அஞ்சல் கோச்சு ஓடத் தொடங்கியது; ஆசியாவிலேயே முதலாவது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு மலைரயில் வரும்வரை டோங்கா வண்டிகள் தபாலையும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு, நிலைக்கு நிலை குதிரை மாற்றி மலையேறின. இவை என் வாதத்தை உடைப்பவையா? இவை எங்கே ஓடின என்று பாருங்கள். இரண்டும் மலைக்குப் போகும் வழிகள். குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் குளிர் உச்சியில் இருந்தது, கட்டணம் தரக்கூடிய தோட்டக்காரத் துரைகளும் அதிகாரிகளும் உச்சியில் இருந்தார்கள். கண்டிச் சாலையோ கோச்சு ஓடுவதற்குத் தக்கபடி பாறையை வெட்டிப் புதிதாகப் போட்ட சாலை. காஞ்சிச் சமவெளியில் இவற்றில் ஒன்றும் இல்லை. சென்னை மாகாணத்தின் சாலைகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதற்கு 1852-இல் பொதுப்பணி ஆணையர்கள் கொடுத்த அறிக்கையே சான்று. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும் கரிசலிலும் ஏரிக்கரை உடைப்பிலும் ஒற்றை ஆள் வரப்பைப் பிடித்து ஓடிவிடுவான். பாலாறு வறண்டால் மணல், வந்தால் வெள்ளம். இரண்டுக்கும் சக்கரத்தைவிடக் கால் மேல்.

மூன்றாவது தடைதான் எனக்குக் கனமாகப் படுகிறது. மனிதனை மிருகத்தின் வேலைக்கு வைத்ததை இப்படித் திறமையென்றும் நுட்பமென்றும் பேசுவது, அடிமட்டக் கூலிக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? ஆகும், அந்த ஆபத்து இருக்கிறது. குதிரையைவிட மனிதன் மலிவு என்பது ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நல்ல செய்தி அல்ல. பாம்பும் கொள்ளையும் காய்ச்சலும் ஓட்டக்காரனின் வழியில் இருந்தன. பை தாமதமானால் கூலியில் பிடித்தம் இருந்தது. கிப்ளிங் மலைநாட்டு ஓட்டக்காரனைப் பற்றிப் பாட்டே எழுதினார். பாட்டு எழுதப்பட்டவர்களுக்குக் கூலி உயர்ந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் இதற்காக அவனைப் பேசாமல் விட்டால் மிஞ்சுவது இன்னும் மோசம். பல்லவர் செப்பேடுகளைப் பாருங்கள். காஞ்சியிலிருந்து அரசனின் திருமுகம் வந்தால் நாட்டார் எதிர்கொண்டு போய்த் தொழுது, ஓலையை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, பிடியானையை நடத்தி எல்லை காட்டியதை முறைப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். ஓலைக்குக் கிடைத்த அந்த மரியாதையின் அளவு அதைச் சுமந்து வந்த காலுக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஆற்காட்டுக் கடிதம் வந்தது, சென்னைக் கடிதம் வந்தது என்று நேரம் போட்டு எழுதுகிறார். புதுச்சேரியின் அரசியலே அந்தக் கடிதங்களின் வரவில் ஊசலாடுகிறது. அங்கேயும் கொண்டுவந்தவன் ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறான்: வந்தது.

பிறகு மாற்றம் விரைவாக வந்தது. 1854-இல் தூரம் எதுவானாலும் கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா என்றாகி, தபால்தலை ஒட்டும் வழக்கம் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தெற்கின் முதல் ரயில் ஓடியது. அது காஞ்சியைத் தொடவில்லை. அரக்கோணம் வழியாக வடக்கே ஒதுங்கிப் போனது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தொண்டை மண்டலத்தின் எல்லா வழிகளும் கூடிய ஊர், ஒரே நாளில் பக்கத்து வழி ஊராயிற்று. 1865-இல் அரக்கோணத்திலிருந்து ஒரு கிளைப்பாதை காஞ்சிக்கு வந்து சேர்ந்த பிறகு தபால்பையும் ரயிலிலேயே வந்தது. நகரத்துக்கு இதனால் நட்டமில்லை. பட்டு நூலுக்கு மைசூரையும் ஜரிகைக்குச் சூரத்தையும் நம்பிய நெசவூருக்கு, 1877-இல் வந்த வி.பி.பி.யும் 1880-இல் வந்த மணியார்டரும் பெரிய வசதிகள். சேலையைக் கட்டி அனுப்பிவிட்டுத் தபால்காரர் கையால் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நட்டமடைந்தது சாலை. ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர்க் கிராமங்களுக்குப் பை கொண்டுபோகிறவராக ஓட்டக்காரர் இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தார். 'ரன்னர்' என்ற அந்த வேலைப்பெயர் அவர் ஓடுவதை நிறுத்தி, நடந்து, பின்பு சைக்கிள் மிதித்த காலத்திலும் மாறவில்லை.

இன்று அந்தப் பழைய தடத்தின் மேல், அல்லது அதை ஒட்டி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை கிடக்கிறது. காஞ்சிக்குத் திரும்புகிறவர்கள் பொன்னேரிக்கரையில் திரும்பிக்கொள்ள, மற்ற வண்டிகள் ஊரைப் பாராமலே மேற்கே போய்விடுகின்றன. பாலுசெட்டிசத்திரம் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். இங்கே அஞ்சல் அருங்காட்சியகம் ஒன்று வைக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால், மேரிஸ்வில்லைப் பார்த்து ஒரு லாயத்தைக் கட்டி, உள்ளே நார்க்குதிரை நிறுத்தி வைப்பார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. அதைவிடச் சுமைதாங்கிகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து புல்தரையில் வரிசையாக நடுவது இன்னும் பெரிய தவறாக இருக்கும். சாலையை அகலப்படுத்தும்போது அப்படிப் பிடுங்கிய கல்லுக்குப் போக்கிடமாக அருங்காட்சியகம் நல்லதுதானே என்பார்கள். கல்லுக்கு நல்லது. ஆனால் சுமைதாங்கியின் பொருள் அந்தக் கல்லில் மட்டும் இல்லை. அதற்கும் அடுத்த சுமைதாங்கிக்கும் இடையே, தலைச்சுமையோடு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று யாரோ கணித்து விட்ட இடைவெளியில் இருக்கிறது. காஞ்சிச் சாலையில் காப்பாற்ற வேண்டியது அந்த இடைவெளி. அதை எந்தக் கூரைக்கடியில் கொண்டுபோய் வைப்பது?